யாழ்ப்பாணத்தில் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை மதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

காரைப் பார்க்கப் போகும் முன்னரே மனதுக்குள் ஒரு விலையை முடித்துவிட்டு, பிறகு அந்த விலைக்கு நியாயம் தேடுவதுதான் இங்கு பலர் விடும் முதல் பிழை. விலை கடைசியாக வரவேண்டிய இலக்கம். அதற்கு முன் கார் எது, பேப்பர் எப்படி, ஜப்பானில் என்ன நடந்தது, பொடி என்ன நிலை, எஞ்சின் என்ன நிலை என்று ஒழுங்காக இறங்கி வரவேண்டும்.

இந்த ஒழுங்குக்குக் காரணம் செலவு. கார் எது, பேப்பர் எப்படி, ஜப்பானில் என்ன நடந்தது என்ற முதல் மூன்றையும் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் முடிக்கலாம். பின்னால் வரும் படிகளுக்குப் பயணம், கராஜ் கூலி, ஒரு முழு நாள் எல்லாம் வேண்டும். பேப்பரில் விழுகிற காரைப் பார்ப்பதற்காக ஏ9 வீதியால் கொழும்புக்கு 400 கிலோமீற்றர் போய்வரத் தேவையில்லை.

1. போவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: சீஆர் புத்தகத்தின் (வாகனப் பதிவுச் சான்றிதழின்) முழுப்பக்கம், பொடியில் அடித்திருக்கும் செசி நம்பர், பொனட்டுக்குள் இருக்கும் மொடல் தகடு, எஞ்சின் ஓடும்போது எடுத்த மீட்டர். ஏற்றுமதிச் சான்றிதழும் ஏலத்தாளும் (ஜப்பான் ஏலத்தில் எழுதிய நிலை அறிக்கை) இருந்தால் அவற்றையும் கேளுங்கள். நான்கையும் அனுப்பத் தயங்குபவரிடம் நேரில் போயும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

நேரில் போகும்போது நல்ல டோர்ச் ஒன்று, பெயின்ட் தடிப்பு மானி (இல்லாவிட்டால் மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம்), படுத்துப் பார்க்க ஒரு பாய், எஞ்சின் கணினியின் பிழைகளை வாசிக்கும் ஸ்கானர் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். 2000களின் நடுப்பகுதிக்கு முந்திய ஜப்பான் உள்நாட்டுக் கார்களில் மலிவு ஸ்கானர் பெரும்பாலும் வேலை செய்யாது. அதனால் ஸ்கானரில் பிழை வரவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுக்க வேண்டாம்.

காலையில் போங்கள். "எஞ்சினைத் தொடாமல் வையுங்கோ, நான் வந்துதான் ஸ்டார்ட் பண்ணுவன்" என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். மழைக்குள்ளும், கழுவி ஈரம் காயாத நிலையிலும் பெயின்டைப் பார்க்க வேண்டாம். ஈரம் எல்லாப் பெயின்டையும் ஒரே மாதிரி மினுக்கிக் காட்டும்.

2. இது உண்மையில் எந்தக் கார்?

வேறெந்தப் படியையும் விட இதில்தான் காசு கூடுதலாகக் கைமாறுகிறது. ஒரே உருவத்தில் சாதாரண காரும் இருக்கும், அசல் ஸ்போர்ட்ஸ் காரும் இருக்கும். பம்பரையும் பட்ஜையும் மாற்றச் சில நாள் போதும். செசி நம்பரின் முற்பகுதி அவ்வளவு இலகுவாக மாறாது.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு வந்த கார்களில் 17 எழுத்து விஐஎன் (வாகன அடையாள இலக்கம்) இராது. மொடல் குறியீடும் அதன்பின் ஒரு தொடர் இலக்கமும்தான் இருக்கும். 17 எழுத்து நம்பர் இருந்தால் அந்தக் கார் வேறொரு சந்தைக்காகச் செய்யப்பட்டது. அது மோசம் என்பதல்ல. ஆனால் ஜப்பான் காரின் விலைப் பட்டியலோடு அதை ஒப்பிடக்கூடாது.

குறியீடு மட்டும் பார்த்தால் தீர்ந்துவிடும் கார்கள் சில:

மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் (எவோ) 9 வரையான செடான்கள் சிடி9ஏ, சிஈ9ஏ, சிஎன்9ஏ, சிபி9ஏ என்று "9ஏ"யில் முடியும். எவோ 10 மட்டும் சிஇசட்4ஏ. எவோ பம்பர் போட்ட சிகே, சிஎஸ் லான்சர்கள் நம்மூர் வீதிகளில் நிறைய ஓடுகின்றன. அவை லான்சர் விலைக்கு உரியவை. பம்பருக்கு என்று தனியாக ஒரு ரூபாவும் இல்லை.

ஹொண்டா சிவிக் டைப் ஆர் 1997–2000 காலத்துக் கார் ஈகே9. ஈகே4, ஈகே3 பொடியில் பி16பி எஞ்சினை இறக்கிச் சிவப்பு பட்ஜ் ஒட்டியவை அதே பெயரில் விற்பனைக்கு வருகின்றன. டொயோட்டா அல்டெஸ்ஸாவில் எஸ்எக்ஸ்ஈ10 என்றால் 3எஸ்-ஜிஈ பீம்ஸ் எஞ்சின், ஜிஎக்ஸ்ஈ10 என்றால் ஆறு சிலிண்டர் 1ஜி-எஃப்ஈ. இரண்டுக்கும் விலையில் நல்ல வித்தியாசம் உண்டு. சுபாரு இம்ப்ரெஸாவில் ஜிடிபி என்றால் எஸ்டிஐ, ஜிடிஏ என்றால் சாதாரண டபிள்யூஆர்எக்ஸ்.

குறியீடு மட்டும் போதாத கார்கள்தான் ஆபத்து. தேடிப் படித்துவிட்டு வந்தவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நிசான் சில்வியா எஸ்15இல் 250 குதிரைவலு டேர்போ ஸ்பெக் ஆரும், டேர்போ இல்லாத ஸ்பெக் எஸ்உம் இரண்டுமே எஸ்15. ஸ்கைலைன் ஈஆர்34இல் டேர்போவும் உண்டு, டேர்போ இல்லாத 2.5ம் உண்டு. சுப்ரா ஜேஇசட்ஏ80இல் இரட்டை டேர்போ ஆர்இசட்உம் சாதாரண எஸ்இசட்உம் ஒரே குறியீட்டில் வரும். இன்டெக்ரா டிசி2 என்பதற்குள் டைப் ஆரும் எஸ்ஐஆர்-ஜியும் அடங்கும். ஸ்டார்லெட் ஈபி82, ஈபி91 இரண்டும் அப்படியே. ஈபி91இல் கிளான்சா வி மட்டுமே டேர்போ, கிளான்சா எஸ் அல்ல.

இப்படியான கார்களில் மொடல் தகட்டில் இருக்கும் முழு மொடல் குறியீட்டையும், கியர்பொக்ஸ் குறியீட்டையும், நிறக் குறியீட்டையும் எடுத்து அந்தச் செசி நம்பரின் பாட்ஸ் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து எந்த எஞ்சின், எந்தக் கியர், எந்த நிறத்தோடு வெளியே வந்தது என்று பட்டியல் சொல்லிவிடும். ஓட்டோவாக வந்து பின்னர் மெனுவலாக மாற்றியவை இதில்தான் பிடிபடும். மாற்றம் நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும் அது பிறவி மெனுவல் காரின் விலைக்குப் போகாது.

தகடு காணாமல் போயிருந்தால் அல்லது தகட்டைச் சுற்றிய ரிவெட்டுகள் புதிதாக மின்னினால் அந்தக் காருக்கு விலை மதிப்பதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

3. சீஆர் புத்தகம்

செசி நம்பர், எஞ்சின் நம்பர், சிசி, நிறம், உற்பத்தி ஆண்டு ஆகிய ஐந்தையும் புத்தகத்தில் இருப்பதோடு ஒவ்வொன்றாக நேரில் ஒப்பிடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணைய சேவையிலும் வாகன இலக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள். புத்தகத்தில் ஒன்று, திணைக்களத்தில் வேறொன்று என்றால் திணைக்களத்தில் உள்ளதே செல்லும்.

எஞ்சின் நம்பர் பொருந்தாமல் இருப்பது ஸ்போர்ட்ஸ் கார்களில் மிகச் சாதாரணம். ஒருகாலத்தில் எஞ்சின் போய், ஹாஃப்கட்டில் (வெட்டி இறக்கிய பாதிக் காரில்) வந்த எஞ்சினை இறக்கியிருப்பார்கள். மாற்றத்தைப் பதிந்திருந்தால் பிரச்சினை சிறிது. பதியாவிட்டால் பெயர் மாற்றும் நாளில் அது உங்கள் தலையில் விழும். "பிறகு மாத்தலாம் அண்ணை, சின்ன வேலை" என்று புரோக்கர் சொன்னால், சின்ன வேலையைச் செய்துவிட்டே விற்கச் சொல்லுங்கள்.

செசி நம்பரைச் சுற்றி வெல்டிங் கோடு, அரைத்த தடம், பக்கத்துப் பெயின்டோடு சேராத புதிய பெயின்ட் இருந்தால் அந்தக் காருக்கு எந்த விலையும் இல்லை. பதிவுள்ள ஒரு செத்த காரின் நம்பரை வேறொரு பொடிக்கு மாற்றும் வேலை அது. மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால், காசோடு காரும் போகும்.

முழு உரித்தாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், மீதிக் கடன் எவ்வளவு என்று அந்தக் கம்பனியிடமிருந்தே எழுத்தில் எடுங்கள். புத்தகத்தில் உள்ள பெயருக்கும் விற்பவரின் அடையாள அட்டைக்கும் இடையில் எத்தனை கை இருக்கிறது என்றும் பாருங்கள். பெயர் மாற்றாமல், கையெழுத்திட்ட படிவத்தோடு மட்டும் (ஓப்பின் பேப்பரில்) மூன்று, நான்கு கை மாறிய கார்கள் வடக்கில் ஏராளம். பதிந்த உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால், அவர் கையெழுத்தில்லாமல் நீங்கள் வாங்குவது வெறும் திறப்பு மட்டும்தான்.

விளம்பரங்களில் "2003/2007" என்று இரண்டு ஆண்டு போடுவார்கள். முதலாவது உற்பத்தி ஆண்டு, இரண்டாவது இங்கே பதிந்த ஆண்டு. இலக்கத்தகட்டின் எழுத்து புதிதாகத் தெரியும் என்பதற்காக இரண்டாவது ஆண்டுக்கு விலை கேட்பார்கள். பொடிக்கும் இறப்பருக்கும் வயது முதலாவதிலிருந்துதான் ஓடுகிறது. ஆனால் நம்மூர் சந்தை எழுத்துக்கும் கொஞ்சம் காசு கொடுக்கிறது என்பது உண்மை. அதை முற்றாக மறுக்கவும் முடியாது.

4. ஜப்பான் ஏலத்தாள்

ஏலத்தாள் என்பது யூஎஸ்எஸ், டிஏஏ, ஜேயூ போன்ற ஏல நிலையங்களின் பரிசோதகர் கார் விற்கப்பட்ட நாளில் எழுதிய நிலை அறிக்கை. புகைப்படப் பிரதியை நம்ப வேண்டாம். தரத்தையும் கிலோமீற்றரையும் திருத்திய பிரதிகள் சாதாரணமாகச் சுற்றுகின்றன. செசி நம்பரைக் கொடுத்துக் கட்டணத்துக்கு மூலத்தை எடுத்துத் தரும் சேவைகள் உண்டு. அந்தச் செலவு ஒரு டயர் விலைகூட வராது.

தரம் 6 அல்லது 5 என்றால் புதிதுபோல. 4.5, 4 நல்லது. 3.5இல் கீறல், நசுங்கல் தெரியும். ஆர் அல்லது ஆர்ஏ என்றால் செசிப் பகுதியில் அடிபட்டுத் திருத்தியது. ஸ்போர்ட்ஸ் கார்களில் தரம் 1ஐப் பார்த்தவுடன் ஓடிவிட வேண்டாம். எஞ்சின், டேர்போ, கியர்பொக்ஸ் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றினாலும் அந்தத் தரம் கொடுப்பார்கள். என்ன காரணத்துக்காக 1 என்று குறிப்புப் பகுதியைப் படிப்பித்துப் பாருங்கள்.

காரின் படத்தில் இருக்கும் எழுத்துகளில் ஏ என்றால் கீறல், யூ என்றால் நசுங்கல், டபிள்யூ என்றால் திருத்திப் பெயின்ட் அடித்த இடம், எஸ் என்றால் துரு, எக்ஸ்எக்ஸ் என்றால் மாற்றிய பாகம். பக்கத்தில் உள்ள 1, 2, 3 கடுமையைக் காட்டும். டபிள்யூ2, டபிள்யூ3 ஒரே பக்கத்தில் வரிசையாக இருந்தால், "திருத்த வரலாறு இல்லை" என்று எழுதியிருந்தாலும் அந்தப் பக்கம் வாங்கிய அடி சின்னதல்ல.

கிலோமீற்றருக்குப் பக்கத்தில் டொலர் குறி ($), நட்சத்திரம் (*) அல்லது சதுரக் குறி (#) இருந்தால் அந்த இலக்கத்துக்கு ஏல நிலையம் பொறுப்பல்ல. அந்தக் காரை "கிலோமீற்றர் தெரியாது" என்ற கணக்கிலேயே மதியுங்கள்.

ஏற்றுமதிச் சான்றிதழில் ஜப்பானின் முதற் பதிவு அவர்களுடைய ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஹெய்செய் ஆண்டோடு 1988ஐக் கூட்டுங்கள், ரெய்வா ஆண்டோடு 2018ஐக் கூட்டுங்கள். ஹெய்செய் 11 என்றால் 1999.

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த கார்களுக்கு ஏலத்தாள் பெரும்பாலும் கிடைக்காது. அதற்காகக் காரைத் தள்ள வேண்டாம். ஆனால் "லோ மைலேஜ்" என்று கூடுதல் விலையும் கொடுக்க வேண்டாம். ஆதாரமில்லாத குறைந்த கிலோமீற்றரின் பெறுமதி பூச்சியம். இன்னொன்று: அக்காலத்து ஜப்பான் கார்களின் வேகமானி பொதுவாக 180 வரைதான். 260, 320 போட்ட மீட்டர் பூட்டியிருந்தால் அதில் ஓடும் கிலோமீற்றர் காருடையதல்ல, மீட்டருடையது.

5. பொடி: உப்பும் பழைய அடியும்

யாழ்ப்பாணத்துக் கார் என்றால் முதலில் உப்பு. பண்ணைப் பாலத்தால் தினமும் போய்வந்த கார், காரைநகர், ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறைக் கடற்கரையோரம் நின்ற கார், உள்ளே கோப்பாயில் கொட்டகைக்குள் நின்ற கார் எல்லாம் ஒரே ஆண்டாக இருந்தாலும் ஒரே நிலையில் இரா. எங்கே நின்றது என்று கேளுங்கள். கிலோமீற்றரைவிட அந்தப் பதில் பயன்படும்.

துருவை வெளியில் தேட வேண்டாம். டிக்கியின் விரிப்பைத் தூக்கி உதிரிச் சக்கரக் குழியைப் பாருங்கள். பொனட்டுக்குள் ஸ்கைலைன்களில் முன் ஷொக் அப்சோர்பர் மேற்கூடு, இம்ப்ரெஸாவில் பின்சக்கர வளைவு, மஸ்டா ரோட்ஸ்டரில் கதவுக்குக் கீழான சில் பகுதி ஆகியவை முதலில் அரிக்கும். எவோ 10இல் நான்குசக்கர இயக்கத்துக்கான ஹைட்ரோலிக் பம்ப் பின்சக்கரப் பக்கமாக இருப்பதால் உப்பு நேராக அங்கே போகும். மீட்டரில் அதன் எச்சரிக்கை விளக்கு வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள், அதை மாற்றுவது பெருஞ்செலவு.

பெயின்ட் தடிப்பு தொழிற்சாலையில் அடித்ததென்றால் பொதுவாக 80 முதல் 150 மைக்ரோன். 200ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது. 500ஐத் தாண்டினால் கீழே புட்டி இருக்கிறது. ஒரே ஒரு பம்பர் மூலை மறுபெயின்ட் என்பது விலையைப் பெரிதாகத் தொடாது. கூரை, கதவுத் தூண்கள், பின்பக்கக் கால் பகுதி (குவாட்டர் பனல்) ஆகியவற்றில் புட்டி இருந்தால் விடயம் வேறு. அவை கழற்றி மாற்றும் பாகங்கள் அல்ல. வெட்டி ஒட்டியிருந்தால்தான் அங்கே வேலை நடந்திருக்கும்.

கதவு றப்பரை இழுத்துப் பார்த்தால் தொழிற்சாலைப் பொட்டு வெல்டிங் சீரான இடைவெளியில் தெரியும். டிங்கரிங் கராஜின் வெல்டிங் தொடர்கோடாகவோ, அரைத்து மழுங்கியோ இருக்கும். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாறிமாறிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே வேலையை ஒருவரும் செய்வதில்லை.

6. எஞ்சினும் ஓட்டமும்

குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் நீலப்புகை வந்து நின்றால் வால்வு சீல். ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு மிதிக்கும்போது நீலப்புகை வந்தால் டேர்போ சீலையும் சந்தேகியுங்கள். வெள்ளைப்புகை நிற்காமல், இனித்த வாசத்தோடு வந்தால் கூலன்ட் எரிகிறது.

ரேடியேட்டரை, எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்னரே திறந்து பாருங்கள். சூடேறிய பிறகு மூடியில் கைவைக்கக் கூடாது. நம்மூர் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தலில் படியும் அதே வெள்ளைப் படிவம் ரேடியேட்டருக்குள்ளும் படியும். கூலன்டுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய டேர்போ எஞ்சினில் சூடு ஏறி ஹெட் கேஸ்கெட் போவது நேரப் பிரச்சினை மட்டுமே. மூடியின் அடியில் வெள்ளைப் பொருக்கைக் கண்டால் ரேடியேட்டரோடு தண்ணீர்ப் பம்பையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

பிறகு ஏசியைப் போட்டு 20 நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிடுங்கள். காற்று இல்லாத மத்தியான வெயிலில் ஊசி நடுவைத் தாண்டாமல் நின்றால் குளிரூட்டல் நல்லது.

கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் சோதனை) இல்லாமல் எந்த டேர்போ காருக்கும் விலை சொல்ல வேண்டாம். சிலிண்டர்களுக்கிடையில் வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே வேலை இருக்கிறது. மஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 ஆகியவற்றின் ரோட்டரி எஞ்சினைச் சாதாரண மானியால் அளந்தால் தவறான முடிவு வரும். ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று அறைகள். மூன்றையும் தனித்தனியே காட்டும் ரோட்டரி மானி வேண்டும். ஆர்எக்ஸ்-8இல் 250 சுற்று வேகத்தில் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் எஞ்சின் திறக்க வேண்டியது. சூடான எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடத்தில் மீண்டும் ஸ்டார்ட் செய்ய இழுத்தடித்தால் மானி வருமுன்னரே பதில் தெரிந்துவிடும். சீஆரில் 1,308 சிசி என்று இருப்பதைப் பார்த்துச் சின்ன எஞ்சின், சின்னச் செலவு என்று நினைப்பவர்கள் இந்தக் காரை வாங்கக்கூடாது.

டைமிங் பெல்ட் எஞ்சின்களில் (4ஜி63, ஈஜே20, ஆர்பி வரிசை, 2ஜேஇசட், 3எஸ்-ஜிஈ, 4ஏ-ஜிஈ, 4ஈ-எஃப்டிஈ, பி16பி) கடைசியாக மாற்றிய கிலோமீற்றருக்குப் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுங்கள். எஸ்ஆர்20, கே20ஏ, எஃப்20சி, எஃப்ஏ20, 4பி11 எல்லாம் செயின். அங்கே பெல்ட் செலவைக் கழிக்க வேண்டியதில்லை.

ஓட்டிப் பார்ப்பதில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு குறை உண்டு. ஏற்றமே இல்லை. கண்டியில் ஒரு வளைவில் தெரியும் கிளச் வழுக்கல் இங்கே ஆறு மாதம் ஒளிந்திருக்கும். அதனால் நாவற்குழியைத் தாண்டி வெறிச்சோடிய நேரத்தில் 40இல் நான்காம் கியரைப் போட்டு முழுதாக மிதியுங்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் முடிந்தது. இரண்டாம் கியருக்கு வேகமாகப் போடும்போது கரகரத்தால் சின்குரோ (கியரைச் சீராகக் கோர்க்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. எஸ்2000, பழைய எவோக்களில் இது வழமை.

இன்னொன்றையும் கேட்டுவையுங்கள்: எந்தப் பெற்றோல்? ஜப்பானின் ஹைஒக்டேன் சுமார் 100. அந்த அளவுக்கு அமைத்த டேர்போ எஞ்சினுக்கு நம் பம்புகளில் 95ஆவது ஊற்ற வேண்டும். 92இல் பூஸ்ட் (டேர்போ அழுத்தம்) கூட்டி ஓட்டிய காரின் பிஸ்டனுக்கு ஒருவரும் உத்தரவாதம் சொல்ல முடியாது.

7. மாற்றியமைத்த காரை மதிப்பது

விற்பவர் "20 இலட்சத்துக்கு சாமான் போட்டிருக்கு" என்பார். அந்தக் காசு அவருடைய பொழுதுபோக்குக்குப் போனது. வாங்குபவர்களில் பெரும்பங்கினர் கம்பனி நிலையில் உள்ள காரையே தேடுகிறார்கள், ஏனென்றால் மாற்றம் என்றால் யாரோ அதை அடித்து ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

கழற்றிய கம்பனிச் சாமான்கள் வீட்டில் பெட்டிக்குள் இருந்தால் நிலைமை மாறும். பழைய நிலைக்குத் திருப்பலாம், கழற்றுபவற்றைத் தனியாக விற்கலாம். அப்போது சாமானின் பழைய பாட்ஸ் விலையில் பாதியைக் கூட்டுங்கள். கம்பனிச் சாமான் இல்லாவிட்டால் ஒன்றும் கூட்ட வேண்டாம். வெட்டிய வயரிங், வெட்டி அகலப்படுத்திய சக்கர வளைவு, பெரும் சத்தமான சைலன்சர் எல்லாம் கழிக்க வேண்டியவை. டியூன் செய்த ஈசியூ (எஞ்சின் கணினி) இருந்தால் யார் செய்தது, ஃபைல் இருக்கிறதா என்று கேளுங்கள். கொழும்பில் ஒரே ஒருவருக்கு மட்டும் திறக்கத் தெரிந்த ஈசியூ ஒரு குறை.

8. சந்தை விலையை எடுப்பது

இப்போதுதான் விளம்பரங்களைத் திறக்க வேண்டும். அதே குறியீடு, அதே எஞ்சின், அதே கியர், கிட்டிய ஆண்டு ஆகியவற்றில் ஆறு கார்களாவது சேருங்கள். நான்கு முதல் ஆறு வாரம் தொடர்ந்து பாருங்கள். ஒரே காரை மூன்று புரோக்கர்கள் மூன்று விலையில் போடுவார்கள். இலக்கத்தகட்டை மறைத்திருந்தாலும் ரிம், ஸ்டிக்கர், பின்னால் தெரியும் மதில் ஆகியவற்றைக் கொண்டு இனங்கண்டு ஒன்றாக எண்ணுங்கள்.

ஆறு வாரமும் அப்படியே கிடக்கும் விளம்பரத்தின் தொகை, அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதற்கே ஆதாரம். விரைவில் மறைந்தவற்றைக் குறித்து, அழைத்து, "கொடுத்திட்டீங்களா, கிட்டத்தட்ட எவ்வளவுக்கு?" என்று கேளுங்கள். பாதிப்பேர் சொல்லுவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த இலக்கங்களின் நடு மதிப்பு. உச்ச விலைக்கு இங்கே வேலை இல்லை.

வெளிநாட்டு விலையைக் காட்டுபவர்களுக்குப் பதில் வைத்திருங்கள். அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த காரை இறக்கலாம் என்பதால் ஸ்கைலைன், சுப்ரா போன்றவற்றின் உலக விலை ஏறியது உண்மை. ஆனால் நீங்கள் விற்கப்போவது இந்தத் தீவுக்குள். இங்கே விலையை ஆக்குவது வேறு: இறக்குமதிக்கு வயது வரம்பு இருப்பதால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் புதிதாக வருவதில்லை, ஏற்கெனவே பதிந்தவையே திரும்பத் திரும்பக் கைமாறுகின்றன. 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்தபோது எல்லா விலையும் ஏறியது. அந்தக் காலத்தில் கொடுத்த விலையைச் சொல்லி இன்று அதற்கு மேல் கேட்பவரிடம் பேசிப் பயனில்லை.

பழைய காருக்கு லீசிங் கிடைப்பது கடினம். முழுக்காசு வைத்திருப்பவர் மட்டுமே வாங்கலாம். யாழ்ப்பாணத்தில் அப்படியான ஆட்கள் சிலர்தான், அதிலும் இரண்டு கதவுக் காரைக் குடும்பத்துக்குச் சொல்லி வாங்கக்கூடியவர்கள் இன்னும் குறைவு. அதனால் ஒரே கார் கொழும்பில் சில வாரத்தில் போகும், இங்கே மாதக்கணக்கில் நிற்கும். கொழும்பு விலையை அப்படியே வைக்காமல், காரை அங்கே கொண்டுபோய் விற்கும் செலவையும் நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். மறுபுறம், கோடை விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் புலம்பெயர் உறவுகள் வரும் மாதங்களில் விலை கேட்கும் தைரியம் விற்பவர்களுக்கு வந்துவிடும். வாங்குபவர் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

லீசிங்குக்காக எழுதிய மதிப்பீட்டு அறிக்கையைச் சந்தை விலை என்று காட்டுவார்கள். கடன் தொகையைக் கூட்டுவதற்காக எழுதிய தாளும் அதில் இருக்கும். அதை நீங்கள் சேர்த்த ஆறு கார்களின் விலைகளில் ஒன்றாகக்கூட எண்ண வேண்டாம்.

9. புதிய மொடல்களுக்கு உச்ச வரம்பு

மஸ்டா ரோட்ஸ்டர் என்டி, ஜிஆர் யாரிஸ், ஜிஆர்86 போன்ற அண்மைய கார்களில் விலைக்கு ஒரு கூரை உண்டு: இன்று அதே காரை ஏலத்தில் எடுத்து, வரி கட்டி, பதிந்து ஓட்டினால் என்ன வரும் என்ற தொகை. ஏல விலை, ஜப்பான் உள்ளூர்ச் செலவு, கப்பல், காப்புறுதி, சுங்க வரி, சிசி அடிப்படையிலான உற்பத்தி வரி, பெறுமதி வரம்பைத் தாண்டினால் ஆடம்பர வரி, 18 சதவீத வற் என்று வரிசையாகக் கூட்டுங்கள். அன்றைய யென் விற்பனை வீதத்தையே பிடியுங்கள். வீதங்கள் வர்த்தமானியோடு மாறும், ஆகையால் போன வருடக் கணக்கைக் கொண்டுவர வேண்டாம்.

சிசி படிகள் இங்கே பெரும் வேலை செய்கின்றன. 1,496 சிசி ரோட்ஸ்டர் 1,500 படிக்குள் அடங்கிவிடும். 1,618 சிசி ஜிஆர் யாரிஸ் 1,600ஐ 18 சிசியால் தாண்டி மேற்படிக்குப் போகிறது. பாவித்த காரின் கேள்விவிலை இந்தக் கூரையை நெருங்கினால், அதே காசுக்கு நீங்களே தெரிந்தெடுத்த ஏலத்தாளோடு ஒன்றை இறக்கலாம்.

10. கழிவுக் கணக்கு

குறைகளை இரண்டாகப் பிரியுங்கள். காசு கொடுத்தால் தீரும் குறை ஒன்று. எவ்வளவு கொடுத்தாலும் தீராத குறை மற்றது. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுக் கழிப்பதுதான் பெரும்பாலான கணக்குகள் பிழைக்கும் இடம்.

வெட்டி ஒட்டிய பொடி, ஆர் தரம், ஓட்டோவிலிருந்து மாற்றிய மெனுவல், பொருந்தாத எஞ்சின் நம்பர் ஆகியவை தீராதவை. இவற்றுக்கு ரூபாவில் கழிக்க வேண்டாம். எட்டாம் படிக்குத் திரும்பி, அதே குறை உள்ள கார்கள் என்ன விலைக்குப் போயின என்று தேடி அந்த விலையையே அடிப்படையாக வையுங்கள். நீங்கள் விற்கும் நாளில் அடுத்தவரும் அப்படித்தான் பார்ப்பார்.

தீரும் குறைகளுக்குக் கராஜில் விலை கேட்டு எழுதுங்கள். கணக்கு முறைக்காக மட்டும் ஒரு உதாரணம்: ஒத்த கார்களின் நடு விலை 75 இலட்சம் என்று வையுங்கள். பெல்ட்டும் தண்ணீர்ப் பம்பும் 1 இலட்சத்து 20 ஆயிரம், கிளச் 1 இலட்சத்து 80 ஆயிரம், நான்கு டயர் 2 இலட்சம், துரு வேலை 1 இலட்சத்து 50 ஆயிரம். மொத்தம் 6 இலட்சத்து 50 ஆயிரம். இதை 1.25ஆல் பெருக்குங்கள், 8 இலட்சத்து 12 ஆயிரத்து 500. பாட்ஸ் கொழும்பிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வரும் வரை கார் நிற்கும், கழற்றிய பிறகு இன்னொன்று தெரியும். அந்தக் கால் பங்கு அதற்கானது. மிஞ்சுவது 66 இலட்சத்து 87 ஆயிரத்து 500. 67 இலட்சத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று தாளில் எழுதி மடித்துப் பையில் வையுங்கள். பேச்சை 63இல் தொடங்குங்கள்.

டயர் தேயாமல் இருக்கிறது என்று கழிக்காமல் விட வேண்டாம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. ஸ்போர்ட்ஸ் கார் அதிகம் ஓடாது, டயர் தேயாமலே கிழடாகும்.

11. பேச்சும் பெயர் மாற்றமும்

பேசும்போது குறைகளை அள்ளிக் கொட்ட வேண்டாம். விற்பவர் அந்தக் காரை நேசிப்பவராகவே இருப்பார், கோபித்தால் பேச்சு முடியும். பற்றுச்சீட்டுடன் காட்டக்கூடிய மூன்றை மட்டும் எடுத்து, கராஜ் சொன்ன தொகையோடு வையுங்கள்.

முற்பணம் கொடுத்தால் செசி நம்பர், எஞ்சின் நம்பர், பேசிய விலை, மீதி கொடுக்கும் நாள், பேப்பர் பிழைத்தால் முற்பணம் திரும்பும் என்ற வரி ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மீதிக் காசு கைமாறும் அதே நேரத்தில் பதிந்த உரிமையாளர் கையெழுத்திட்ட பெயர் மாற்றப் படிவங்கள், அடையாள அட்டைப் பிரதி, சீஆரின் மூலப்பிரதி, வரி அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்று எல்லாம் உங்கள் கைக்கு வரவேண்டும். இரண்டு திறப்பையும் மறக்காமல் கேளுங்கள்.